நகைப்பாட்டும் தனியறையும்
போ பர்னம் படைப்புகள் பற்றிய ஒரு மதிப்பீடு

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தவர் தொல்காப்பியர். ஆயினும் நகைச்சுவைப் பாட்டைப் பாட்டென மதித்து ஆராயும் வழக்கம் நம்மிடையே போதிய அளவு வளரவில்லை. காளமேகப் புலவரின் தனிப்பாடல்களைச் சொல்லிச் சிரித்தவர் பலர். அவை எவ்வாறு நகை விளைக்கின்றன என்று வகுப்பறையில் எடுத்துரைத்தவர் சிலர். ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. பாடிச் சிரிக்கவைப்பவர்க்குக் கைதட்டல் கிடைக்கும், பொருளும் கிடைக்கும், திறனாய்வாளரின் பொறுமையான கவனம் எளிதிற் கிடைப்பதில்லை.

இந்நிலையில், 2021-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் வாயிலாக வெளிவந்த 'இன்சைட்' என்னும் படைப்பு பலருடைய கவனத்தையும் ஈர்த்தது. 'இன்சைட்' என்பதற்கு 'உள்ளே' என்பது பொருள். இக்கட்டுரையில் அதனை 'உள்ளே' என்றே வழங்குவோம். 87 நிமிடம் ஓடும் அப்படைப்பை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், நடித்தவர், இயக்கியவர், படம்பிடித்தவர், தொகுத்தவர் யாவரும் ஒருவரே. அவர் பெயர் போ பர்னம். இயக்கம், எழுத்து, இசை நெறியாள்கை ஆகிய மூன்றுக்கும் அவ்வாண்டே அதற்கு எம்மி விருதுகள் கிடைத்தன. அதில் இடம்பெற்ற பாட்டொன்று மறு ஆண்டில் கிராமி விருது பெற்றது.

பரிசு பெற்றதனால் ஒரு படைப்பு உயர்ந்ததாகிவிடாது; மக்கள் திரண்டு கண்டதனாலும் ஆகிவிடாது. நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. பள்ளிச் சிறுவனாக இருந்தபோது தம் படுக்கையறையிலிருந்து உலகைச் சிரிக்கவைத்த ஒருவர், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு கழித்து மீண்டும் ஓர் அறையுள் தனியே அமர்ந்து, அவ்வாறு சிரிக்கவைத்ததற்குத் தாம் கொடுத்த விலை யாது என்று பாடுகிறார். அத்துயரம் மெய்யானதா? அன்றி, அதுவும் கைதட்டல் பெறுதற்கான ஒரு வித்தையா? இதனைத் தீர்மானிப்பது நகைப்பாட்டின் தகுதியைத் தீர்மானிப்பதாகவும் அமையும்.

அறையிற் பிறந்த பாட்டு

போ பர்னம் 1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் பிறந்தவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாமில்டன் என்னும் ஊரைச் சேர்ந்தவர். 2006 டிசம்பரில், பதினாறு வயது மாணவராக இருந்தபோது, தம் குடும்பத்தாரைப் பற்றிய வேடிக்கைப் பாட்டொன்றைப் படுக்கையறையிற் பாடிப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினார். கல்லூரிக்குச் சென்றிருந்த தமையனுக்குக் காட்டுவதே அன்று அவர் கொண்ட நோக்கம். யூடியூபுக்கு அப்பொழுது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. 2005 பிப்ரவரியிலே தோன்றிய அத்தளம், 2006-இன் இறுதியில் 165 கோடி டாலர் மதிப்பில் கூகிள் நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. தமையனுக்கென ஏற்றிய பாட்டை முன்பின் அறியாதார் கண்டனர். கண்டவர் மற்றவர்க்கு அனுப்பினர். பார்த்தோர் தொகை இலட்சங்களைக் கடந்தது. எந்தப் பதிப்பாசிரியரும் ஏற்கவில்லை. எந்த வானொலி நிலையமும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு சிறுவனுக்கும் உலகுக்கும் இடையே நின்ற வாயிற்காவலர் அனைவரும் ஒரே நாளில் விலகி நின்றதைப் போன்ற நிகழ்ச்சி அது.

பின்னர் நடந்தவை விரைந்து நடந்தன. 2008-இல் காமெடி சென்ட்ரல் நிறுவனத்தின் இசைத்தட்டுப் பிரிவு அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப்பள்ளியில் நாடகம் பயிலக் கிடைத்த இடத்தை ஒத்திவைத்து அவர் மேடைக்குச் சென்றார். 2009-இல் முதல் இசைத்தொகுப்பு, 2010-இல் 'வேர்ட்ஸ் வேர்ட்ஸ் வேர்ட்ஸ்', அதே ஆண்டு எடின்பரோ விழாவில் நடுவர் குழுவின் பரிசு, 2013-இல் 'வாட்', 2016-இல் 'மேக் ஹேப்பி' என மேடைப் படைப்புகள் தொடர்ந்தன.

இவ்வகையில் அவர்க்கு முன்னோர் இல்லாமல் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் கணிதம் பயின்ற டாம் லெரர், 1953-இல் தம் நகைப்பாடல்களைத் தம் செலவிலேயே பதிவுசெய்து 400 இசைத்தட்டுகள் வெளியிட்டார். பெரிய நிறுவனங்களின் துணையின்றி, மாணவர் வாய்மொழியாகவே அப்பாடல்கள் நாடெங்கும் பரவின. இன்று இணையத்தில் 'வைரல்' என்று சொல்லப்படும் பரவுதலுக்கு இணையம் பிறப்பதற்கு முன்பே கிடைத்த எடுத்துக்காட்டு அது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. லெரரின் பாட்டைத் தட்டில் கேட்டவர்கள் அவர் முகத்தைக் கண்டிலர்; அவர் அறையைக் கண்டிலர்; பாட்டு மட்டுமே ஊர் சுற்றியது. மேடை வாழ்வு போதும் என்று தோன்றியபோது அவரால் விலகிச் சென்று, கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இசைநாடகமும் கற்பிக்கும் ஆசிரியராகப் பல்லாண்டு அமைதியாக வாழ முடிந்தது. 2020-இல் தம் பாடல் வரிகளை எல்லார்க்கும் பொதுவாக்கி, 2025 ஜூலையில் தம் 97-ஆம் வயதில் மறைந்தார். பர்னமுக்கோ பாட்டும் முகமும் அறையும் ஒன்றாகவே பரவின. பாட்டின் கீழே, கண்டவர் எத்தனை பேர் என்ற எண்ணும் நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. பதினாறு வயதுப் பிள்ளையின் மனம் அந்த எண்ணைப் பார்த்தே வளர நேர்ந்தது. அவருடைய பிற்காலப் படைப்புகளுக்கெல்லாம் வித்து இதுவே.

இயைபும் எதிர்பார்ப்பும்

இனி, பாட்டின் அமைப்பை நோக்குவோம். நம் செய்யுளில் ஓசைக்கு உயிராவது எதுகை. அஃது அடியின் முதற்கண் நிற்பது. ஆங்கிலப் பாட்டில் உயிராவது இயைபு. அஃது அடியின் இறுதியில் நிற்பது. இவ்வேறுபாடு நகைச்சுவையின் போக்கையே மாற்றிவிடுகிறது. ஆங்கிலப் பாட்டில் ஓர் அடி ஓர் ஒலியில் முடிந்ததும், அடுத்த அடியும் அவ்வொலியிலேயே முடியும் என்று கேட்போர் செவி காத்திருக்கிறது. பொருட்போக்கைக் கொண்டு, வரப்போகும் சொல் இதுவே என்று மனம் முன்கூட்டியே ஊகித்துவிடுகிறது. அந்த ஊகத்தை வளரவிட்டு, இறுதி நொடியில் வேறொரு சொல்லை அவ்விடத்தில் நிறுத்தினால் நகை பிறக்கும். ஒலி பொருந்தும், பொருள் பொருந்தாது. செவிக்கு நிறைவும் அறிவுக்கு அதிர்ச்சியும் ஒரே கணத்தில் நிகழும். பர்னத்தின் தொடக்ககாலப் பாடல்கள் பெரும்பாலும் இவ்வுத்தியாலேயே இயங்குவன.

அடிமுதல் எதுகையை நம்பிய நம் தனிப்பாடற் புலவர்கள் இறுதிச் சொல்லை ஒளித்துவைத்து விளையாடவில்லை. அவர்கள் சிலேடையை நாடினர். ஒரே தொடர் செம்மொழியாக நின்று ஒரு பொருளும், பிரிமொழியாக நின்று மற்றொரு பொருளும் தரும்போது, கேட்பவன் இரண்டையும் கண்டுகொண்ட மகிழ்ச்சியால் நகைக்கிறான். பர்னம் இதிலும் தேர்ந்தவர். ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள ஆங்கிலச் சொற்களை அவர் அடுக்கும் வேகத்தில், ஒரு நகைப்பு அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். முதன்முறை கேட்பவர் பாதியைத் தவறவிடுவார், மீண்டும் கேட்பார். மேடையிற் பாடும் பாட்டை மீண்டும் கேட்க வேண்டுமாயின் மறுநாட் சீட்டு வாங்கவேண்டும். இணையத்திலோ விரலசைவு ஒன்று போதும். ஆதலின் இப்பாடல்களின் செறிவு புலவரின் ஆற்றலால் மட்டும் வந்ததன்று. அவை வாழ்ந்த இடத்தின் இயல்பும் அச்செறிவை வேண்டிற்று.

ஆனால் சொல்விளையாட்டு மட்டும் பாட்டாகிவிடுமா? 2010-இல் வந்த தொகுப்பின் பெயர், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் நூலுங்கையுமாக நிற்கும் இளவரசன் கூறும் மறுமொழியிலிருந்து எடுக்கப்பட்டது. படிப்பதில் பொருள் எதையும் காணாதவனுடைய சலிப்பு அம்மறுமொழியில் தொனிக்கும். இருபது வயதுப் பாடகர் அப்பெயரைத் தேர்ந்துகொண்டது, தம் கலையின் வெறுமை அவர்க்கே புலப்படத் தொடங்கியதைக் காட்டுகிறது. அத்தொகுப்பிலேயே கலை இறந்துவிட்டது என்னும் பொருள்பட ஒரு பாட்டு உண்டு. பிறர் கவனத்துக்காக அழும் குழந்தைக்கும், கவனத்தையே தொழிலாக்கிக்கொண்ட கூத்தனுக்கும் என்ன வேறுபாடு என்பது அதன் கேள்வி. விளையாட்டுப் பிள்ளையின் கையிலிருந்து பம்பரம் நழுவி, அவன் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்த இடம் அது எனலாம்.

எள்ளலின் மூன்று படிகள்

நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலைத் தொல்காப்பியர் முதலாவதாகக் கூறுவர். உரை வகுத்த பேராசிரியர், ஒருவன் பிறரை எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதலும் என அதனை இரண்டாக விரிப்பர். இப்பகுப்பு பர்னத்தின் வளர்ச்சியை அளக்க நமக்கு நல்லதோர் அளவுகோலாகிறது.

வகுப்பில் ஒரு நகைச்சுவைக்காரன் எப்பொழுதும் இருப்பான் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். அவன் முதலில் சிரிப்பது தன்னினும் எளியவனைக் கண்டு: தடித்தவன், திக்கிப் பேசுபவன், கிழிந்த காலணியோடு வருபவன். சிரிப்பு கிடைத்துவிட்டால் துணிவு பெருகும். அடுத்து ஆசிரியரைக் கேலிசெய்வான். அறிவு முதிருமாயின் ஒருநாள் தன்னையே கேலிசெய்யத் தொடங்குவான். பலர் முதற்படியிலேயே நின்றுவிடுவர்.

பர்னம் முதற்படியில் தொடங்கியவரே. அவருடைய இளமைக்காலப் பாடல்களுள் பல, ஒருபாலரை விரும்புவோர், உடற்குறை உடையோர், பிற இனத்தார் ஆகியோரை நகைப்பொருளாகக் கொண்டவை. சொல்லாட்சி வியக்கத்தக்கது, நெஞ்சில் ஈரம் குறைவு. அவற்றை மாணவர்க்குக் காட்டுதல் தகாது என்பதையும் ஈண்டுக் குறித்துவிடுதல் நன்று. இரண்டாம் படியில் அவர் வலியோரை நோக்கித் திரும்பினார். காதற்பாட்டைத் தொழிற்சாலைப் பொருள்போல் அச்செடுத்து விற்கும் இசை வணிகரையும், உழைப்பாளி வேடம் பூண்டு பாடும் செல்வப் பாடகரையும் கேலிசெய்த பாடல்கள் அக்காலத்தவை. மூன்றாம் படியில் எள்ளுபவரும் எள்ளப்படுபவரும் ஒருவரே ஆயினர். பேராசிரியர் பகுத்த இரண்டும் ஓர் உடலுள் கூடும்போது நகை தன் எல்லையை அடைகிறது. அவ்வெல்லைக்கு அப்பால் நிற்பது அழுகை. மெய்ப்பாட்டு வரிசையிலும் நகையை அடுத்து நிற்பது அழுகையே அன்றோ!

மேடையை விட்டு இறங்குதல்

2016-இல் வெளிவந்த 'மேக் ஹேப்பி' அரங்கம் நிறைந்த மக்களுக்கு முன் நிகழ்ந்தது. அதன் இறுதியில் அவர் தம் தலைமுறையைப் பற்றிச் சில சொல்கிறார். பிறந்தது முதல் உன்னை வெளிப்படுத்து, உன்னை வெளிப்படுத்து என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது. நடிகனையும் காண்போனையும் ஓயாமல் ஒருவனுள்ளேயே குடியிருத்திய ஏற்பாடே சமூக ஊடகம் என்பது அவர் கருத்து. யாரும் பார்க்காமல் வாழ்ந்துவிட இயலுமானால் அதுவே மேலான வாழ்வு என்று, தம்மைப் பார்க்கக் காசு கொடுத்து வந்த மக்களிடம் அவர் கூறுகிறார். அதன்பின் ஓர் எளிய அறையில் தனியே அமர்ந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போகிறார். சொன்னபடியே மேடையையும் விட்டார். மேடையில் நிற்கும்போதே அச்சமும் நடுக்கமும் வந்து தாக்கியதால் விலகியதாகப் பின்னர் 'உள்ளே'யில் அவரே கூறுகிறார்.

விலகியிருந்த காலத்தில் அவர் எழுதி இயக்கிய திரைப்படம் 'எய்த் கிரேடு'. 2018-இல் வெளிவந்த இப்படத்தில் பாட்டும் இல்லை, பர்னமும் தோன்றவில்லை. எட்டாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள கேலா என்னும் சிறுமியின் கதை அது. தன்னம்பிக்கையோடு இருப்பது எப்படி என்று அவள் காணொளிகள் செய்து இணையத்தில் ஏற்றுகிறாள். பார்ப்பார் அநேகமாக இல்லை. பள்ளியிலோ அவளை மிக அமைதியான மாணவி என்று வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்த்தவர் பெருகியதால் வாழ்வு மாறிய ஒருவர், பார்ப்பவரே இல்லாத ஒருத்தியின் கண்கொண்டு அதே உலகை நோக்கியது எண்ணத்தக்கது. எல்சி பிஷர் என்னும் இளநடிகை அவ்வேடத்தில் நடித்திருக்கும் முறை, வகுப்பின் கடைசி வரிசையில் பேசாதிருக்கும் பிள்ளைகளை நமக்கு நினைவூட்டாமற் போகாது. பர்னம் தம்மை மறந்து பிறர்க்கு இரங்கிய படைப்பு இது.

'உள்ளே'

2020-இல் கொள்ளைநோய் உலகை வீட்டுக்குள் அடைத்தது. மேடைக்கு மீண்டும் வரலாம் என்று அவர் எண்ணத் தொடங்கிய வேளை அதுவே. 'மேக் ஹேப்பி'யின் இறுதியில் எந்த அறையிலிருந்து வெளியேறினாரோ, அதே அறைக்குள் 'உள்ளே'யின் தொடக்கத்தில் நுழைகிறார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் வீட்டோடு சேர்ந்த சிறிய விருந்தினர் இல்லம் அது. ஒரு மனிதர், சில விளக்குகள், ஒரு கேமரா, சில இசைக்கருவிகள். தலைமயிரும் தாடியும் வளர்வதே காலம் கழிவதற்கு அடையாளம். நள்ளிரவுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவர் முப்பது வயதை அடைவதும் அதில் உண்டு.

இதிலுள்ள பாடல்களுள் இரண்டைச் சற்று விரித்து நோக்குவோம். ஒன்று, இணையமே நம்மை வரவேற்றுப் பாடுவதாக அமைந்தது. பாடுபவர் திருவிழாக் கடைக்காரன் போல் கூவி அழைக்கிறார். செய்தியும் சமையற் குறிப்பும் கொலையும் கொஞ்சலும் ஒரே தட்டில் வைத்து நீட்டப்படுகின்றன. தாளம் மெல்லத் தொடங்கி வேகம் கொள்கிறது. கேட்பவர்க்கு மூச்சு முட்டுகிறது. இடையில் ஓரிடத்தில் திடீரெனத் தணிந்து, தாலாட்டுப் போன்ற குரலில், பிறந்த குழந்தைக்கும் இந்தக் கருவியைக் கொடுத்து வளர்த்த கதை சொல்லப்படுகிறது. பின்னர் வில்லனுடைய சிரிப்போடு தாளம் மீண்டும் எழுகிறது. இணையம் தீது என்று அவர் அறிவுரை கூறவில்லை. இணையத்தையே பேசவிட்டு, அதன் குரலில் உள்ள இனிமையையும் கொடுமையையும் நம்மையே கேட்க வைக்கிறார்.

மற்றொன்று, படப்பகிர்வுத் தளமொன்றில் தன் படங்களை இடும் ஓர் இளம்பெண்ணைப் பற்றியது. இலையுதிர்காலம், காப்பிக் கோப்பை, நாய்க்குட்டி என அவள் இடும் படங்களையெல்லாம் பர்னமே அப்பெண்ணின் தோற்றத்தில் நடித்துக்காட்டிக் கேலிசெய்கிறார். திரை கைப்பேசிப் படம்போல் சதுரமாகக் குறுகியிருக்கிறது. பாட்டின் நடுவே, அவள் இறந்துபோன தன் தாய்க்கு எழுதும் சில சொற்கள் வருகின்றன. அப்பொழுது திரை மெல்ல இரு பக்கமும் விரிந்து முழு அகலம் பெறுகிறது. கேலிப்பொருளாக நின்றவள் ஒரு மகளாகிவிடுகிறாள். சிரித்துக்கொண்டிருந்த நாம் வாயடைத்துப் போகிறோம். அச்சொற்கள் முடிந்ததும் திரை பழையபடி குறுகுகிறது. காப்பிக் கோப்பைகள் மீண்டும் வருகின்றன. சொல்லால் உரைக்காமல் சட்டத்தின் அகலத்தாலேயே, ஒரு மனிதரை நாம் எவ்வளவு குறுகிய பலகணி வழியாகப் பார்த்து நகைத்தோம் என்று காட்டிவிடுகிறார். எளியோரை எள்ளித் தொடங்கியவர் எள்ளப்பட்டோர்க்கு இரங்கும் நிலையை எய்தியமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நமது கருத்தில் 'உள்ளே'யின் உச்சம் இதுவே.

மெய்யோ, வேடமோ?

'உள்ளே' வெளிவந்தபின் எழுந்த பெரிய வழக்கு இது. அழுதவர் மெய்யாகவே அழுதாரா? விளக்கின் கோணத்தையும் கேமராவின் நிலையையும் தாமே சரிபார்த்துவிட்டு வந்து அமர்ந்து அழுபவரின் கண்ணீரை நம்பலாமா? வசதியான வீட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சிறைப்பட்டவராக நடிப்பது பொய்யன்றோ என்றும் கேட்டனர்.

அகப்பொருட் பாடல்களிற் பழகிய தமிழாசிரியர்க்கு இவ்வழக்கு புதியதன்று. தலைவியின் ஆற்றாமையைப் பாடிய ஆண்பாற் புலவரை நோக்கி, நீர் தலைவியோ என்று நாம் கேட்பதில்லை. கூற்றுக்குரியார் வேறு, பாடினார் வேறு என்னும் தெளிவு நமக்கு இலக்கணத்தோடு வந்தது. விளக்கைச் சரிசெய்ததனால் துயரம் பொய்யாகுமெனின், சீரையும் தளையையும் சரிசெய்து பாடிய கையறுநிலைப் பாடல்கள் யாவும் பொய்யாதல் வேண்டும். அவ்வாறு கொள்வார் இல்லை. ஆகவே ஒப்பனை இருந்தது என்பது ஒரு குற்றமாகாது.

ஆயினும் வழக்கு இதனோடு முடிந்துவிடவில்லை. அகப்பாடலில் தலைவிக்குப் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. சுட்டி ஒருவர் பெயர் கொள்ளப்பெறார் என்பது நம் மரபு. அத்திரை இருப்பதனாலேயே துயரம் எல்லார்க்கும் பொதுவாகிறது. பாடினாரின் தனிவாழ்வும் காக்கப்படுகிறது. பர்னமோ தம் பெயர், தம் வயது, தம் அறை, தம் நோய் எல்லாவற்றையும் பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். திரையைத் தாமே கிழித்துவிட்டு, திரைக்கப்பால் இருப்பவன் நானல்லன் என்று சொல்வது எளிதன்று. காண்போர் அவர் நலத்தைப் பற்றிக் கவலைப்பட்டதும், சிலர் அவரை நெருங்கிய நண்பராகவே எண்ணிக்கொண்டதும் இதன் விளைவே. இணையப் பாட்டின் பிறவிக்குணம் இது. படுக்கையறையோடு பிறந்த கலை, படுக்கையறையை விட்டு வெளியேற முடியாமல் தவிக்கிறது. அத்தவிப்பையே அவர் படைப்பின் பொருளாக்கினார் என்பது அவர்க்குரிய பெருமை.

படைப்பின் முடிவு இதனை நன்கு உணர்த்துகிறது. இறுதியில் கதவு திறக்கிறது. அவர் வெளியே வருகிறார். வெளியே இருப்பது வெயிலன்று; மேடை விளக்கின் வெண்ணிற வட்டம். திரும்பி உள்ளே செல்ல முயல்கிறார்; கதவு தாழிட்டுக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத அவையோர் சிரிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். அவர் கதவைப் பற்றித் தடுமாறுகிறார். அடுத்த காட்சியில் அதே காட்சியைச் சுவரில் ஓடவிட்டுத் தாமே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் சிறியதொரு புன்முறுவல் அரும்புகிறது. தவிப்பும் மெய், தவிப்பைப் படமாக்கியதில் கலைஞன் கொண்ட நிறைவும் மெய். அப்புன்முறுவல் இல்லாதிருந்தால் படைப்பு பொய்யாகியிருக்கும் என்பது நம் துணிபு.

குறைகள்

குணம் நாடியாங்குக் குற்றமும் நாடுதல் திறனாய்வாளர் கடன். 'உள்ளே'யின் பெருங்குறை, தன்னைத்தானே குற்றஞ்சாட்டிக்கொள்வதை ஒரு கேடயமாகப் பயன்படுத்துவது. தம் இளமைக்காலப் பாடல்களின் புண்படுத்தும் தன்மைக்கு வருந்தும் பாட்டொன்று அதில் உண்டு. வருத்தம் கூறும்போதே உடற்பயிற்சிக் கோலமும் சிலுவையில் அறையுண்டவர் போன்ற தோற்றமும் காட்டி அதனையும் வேடிக்கையாக்குகிறார். மன்னிப்புக் கேட்போரின் தற்பெருமையைக் கேலிசெய்வதே நோக்கம் என்று கொள்ளலாம். ஆனால் முன்பு யாரை எள்ளினாரோ அவர்களுக்கு அப்பாட்டில் இடமில்லை. மீண்டும் அவரே நடுவில் நிற்கிறார்.

மற்றோரிடத்தில், தம் பாட்டொன்றைத் தாமே பார்த்துக் கருத்துரைக்கிறார். பின் அக்கருத்துரையையும் பார்த்துக் கருத்துரைக்கிறார். இவ்வாறு கண்ணாடிக்குள் கண்ணாடியாக நீள்கிறது. நகைக்கத்தக்க காட்சி, அறிவுக்கூர்மையும் உடையது. ஆனால் பிறர் சொல்லவிருக்கும் குறையை முந்திக்கொண்டு தானே சொல்லிவிட்டால், குறை தீர்ந்துவிடுவதில்லை. சொல்பவர் வாய்தான் அடைக்கப்படுகிறது. இக்குறையையும் அவரே எடுத்துக்கூறிவிடுகிறார் என்பது இதிலுள்ள சிக்கல். அறிந்தே செய்யும் பிழை அறியாமற் செய்யும் பிழையினும் சிறிதாகாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இணையத்தைப் பழித்த பாடல்கள் வெளிவந்த 2021-ஆம் ஆண்டிலேயே டிக்டாக்கில் துண்டு துண்டாகப் பரவின. பெருஞ்செல்வர் ஒருவரைப் போற்றுவதுபோல் இகழும் பாட்டும் ஆட்டத்திற்கேற்ற மெட்டாகிவிட்டது. வஞ்சப்புகழ்ச்சி அணியின் இடர் இது. புகழ்ச்சியின் மெட்டு நன்றாக இருந்துவிட்டால், வஞ்சம் காதில் விழாமலே போய்விடும். இதனைப் படைத்தவர் குறை என்று முற்றும் சொல்லிவிட முடியாது. பாட்டைத் துண்டாக்கிப் பழகிய செவிகளின் குறையும் இதிற் கலந்துள்ளது.

நமக்குரியது

இவ்வளவும் ஓர் அமெரிக்கரைப் பற்றிய செய்தியாயினும், நம் பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. நம் பிள்ளைகளின் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அறைக்குள்ளிருந்து பாடி, ஆடி, நகைத்துப் படம் ஏற்றும் பிள்ளைகள் தோட்டப்புறத்திலும் உள்ளனர். அவர்களை அதட்டித் தடுத்துவிட நம்மால் ஆகாது. பார்த்தவர் தொகையைக் கேட்டு வியந்து பாராட்டுவதும் கேடு. பதினாறு வயதில் ஓர் எண்ணுக்கு மனத்தை அடகுவைத்த ஒருவர், அதனை மீட்கப் பதினைந்து ஆண்டு பாட வேண்டியதாயிற்று. ஆற்றல் மிக்கவர்க்கே அந்நிலையெனின், மற்றப் பிள்ளைகளின் நிலை என்னாம்?

ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நகைச்சுவையை வகுப்பறைக்குள் கொண்டுவந்து முறையாகக் கற்பிக்கலாம். சிலேடையைப் பிரித்துக்காட்டுவதோடு நில்லாமல், இப்பாட்டில் யார் எள்ளப்படுகிறார், அவர் இங்கே அமர்ந்திருந்தால் சிரிப்பாரா என்று கேட்கலாம். மெய்ப்பாட்டியலின் நகைப்பகுதியை மனப்பாடத்துக்கு மட்டும் விடாமல், பிள்ளைகள் அன்றாடம் காணும் கேலிகளோடு பொருத்திப் பார்க்கச் செய்யலாம். சிரிப்பின் இலக்கணம் அறிந்த பிள்ளை, எதற்குச் சிரிக்கிறோம் என்று ஒரு நொடியேனும் எண்ணும். எல்லா ஊடகங்களும் நம் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொள்ள முயல்வது அந்த ஒரு நொடியைத்தான்.

போ பர்னத்தைப் பெருங்கவிஞர் என்று நாம் கூறவில்லை. சொல்லின் வேகத்தில் தொடங்கி, எள்ளலின் படிகளை ஒவ்வொன்றாகக் கடந்து, நகைக்கும் அழுகைக்கும் இடையிலுள்ள மெல்லிய வரம்பில் நின்று பாடிய உண்மைக் கலைஞர் அவர் என்பதில் ஐயமில்லை. தாம் ஏறிவந்த ஏணியே தம்மைச் சிறைப்படுத்தியதை மறைக்காமற் பாடினார். சிறை என்று அறிந்தும் அதன் சுவரைத் திரையாக்கிக்கொண்டார். முன்னது அவர் நேர்மை. பின்னது அவர் கலை. பேசும் மொழியும் வாழும் நாடும் வேறாயினும், நகைப்பாட்டைப் பாட்டாக மதித்து ஆராயத் துணியும் தமிழாசிரியர்க்கு அவர் படைப்புகள் நல்லதோர் உரைகல்லாகும்.